ஒட்டப்படாமல் நிற்கும் குச்சி

இசைக்கருவிப் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

வயலின் குடும்பத்திலேயே மிகப் பெரிய கருவியான டபுள் பாஸைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கம்பி, வில், வார்னிஷ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகப் பெட்டிக்குள் நுழைந்துவிட்டன. எனக்கு மிகவும் மகிழ்ச்சி. 28 ஆண்டுகளாக அந்த இருட்டுக்குள்தான் என் கண்ணும் கையும் வேலை செய்கின்றன.

கேள்வி: டபுள் பாஸ் கற்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. முகப்பலகையில் f வடிவில் இருக்கும் எஃப் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே ஒரு மரக்குச்சி தனியாக நின்றுகொண்டிருந்தது. ஆசிரியரிடம் கேட்டேன். "அதுதான் கருவியின் உயிர், தொடாதே" என்றார். ஒரு குச்சிக்கு ஏன் இவ்வளவு பெரிய பேச்சு? அதை ஏன் ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள்?

பதில்: உங்கள் ஆசிரியர் மிகைப்படுத்தவில்லை. இத்தாலிய மொழியில் அதன் பெயர் 'அனிமா'. ஆன்மா என்று பொருள். பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் அதே பொருளில்தான் அழைக்கிறார்கள். பட்டறையில் நாங்கள் சவுண்ட் போஸ்ட் என்போம். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் சீவிய உருளைக் குச்சி அது. வயலினில் 6 மில்லிமீட்டர் பருமன்தான். டபுள் பாஸில் 17 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும். கருவியை எதிரே நின்று பார்த்தால், கம்பிகளைத் தாங்கி முகப்பலகை மேல் நிற்கும் பிரிட்ஜின் வலது காலுக்குச் சற்றுக் கீழே, முகப்பலகைக்கும் முதுகுப்பலகைக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து நிற்கும்.

அதன் வேலை புரிய வேண்டுமானால், முதலில் அது இல்லாத பெட்டியை மனத்தில் கொண்டுவாருங்கள். வில் இழுக்கும்போது கம்பி பக்கவாட்டில் ஆடுகிறது. பிரிட்ஜும் அதோடு சேர்ந்து ஆடுகிறது. ஒரு கால் அழுந்தும்போது மறு கால் எழுகிறது. பெட்டி இருபுறமும் ஒரே மாதிரி இருந்தால், முகப்பலகையின் இடப்பாதி காற்றைத் தள்ளும் அதே கணத்தில் வலப்பாதி காற்றை இழுக்கும். நான்கு கம்பிகளில் மிகத் தாழ்ந்ததான ஈ கம்பியின் அடிச்சுருதி 41 ஹெர்ட்ஸ். காற்றில் அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். அத்தனை நீண்ட அலைக்கு முன்னால் ஒரு முழத் தொலைவில் உள்ள இரண்டு பாதிகளும் ஒரே இடத்தில் இருப்பதாகத்தான் கணக்கு. தள்ளியதை இழுத்தது கழித்துவிடும். கை வலிக்க வில் இழுத்தாலும் அறைக்குள் பெரிதாக ஒன்றும் வந்து சேராது.

குச்சியை நிறுத்தியதும் இந்தச் சமன் உடைகிறது. வலது கால் ஏறக்குறைய அசையாத ஊன்றாகிவிடுகிறது. இடது கால்தான் ஏறி இறங்குகிறது. அந்தக் காலுக்கு அடியில், முகப்பலகையின் உட்புறத்தில், பாஸ் பார் என்ற நீளமான ஸ்ப்ரூஸ் சட்டம் ஒட்டப்பட்டிருக்கும். கால் ஒரே இடத்தில் மிதிக்கும் மிதியை அது பலகையின் நீளவாக்கில் மேலும் கீழுமாகக் கொண்டுபோகிறது. இப்போது முகப்பலகையின் பெரும்பகுதி சேர்ந்து வெளியே வருகிறது, சேர்ந்து உள்ளே போகிறது. பெட்டி மூச்சுவிடத் தொடங்குகிறது. டபுள் பாஸின் அடிநாதம் முழுவதும் இந்த ஒருபக்கச் சாய்விலிருந்து பிறப்பதுதான். வெளியே இடமும் வலமும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் கருவி, உள்ளே வேண்டுமென்றே சமனில்லாமல் செய்யப்பட்டிருக்கிறது! இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் ஏற்பட்ட வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒட்டாததற்கு வருகிறேன். நான்கு கம்பிகளின் மொத்த இழுவை 100 கிலோவுக்கு மேல். அதில் ஒரு பங்கு பிரிட்ஜ் வழியாக முகப்பலகையைக் கீழே அழுத்துகிறது. குச்சியைப் பிடித்துவைக்க அந்த அழுத்தமே போதும். ஒட்டிவிட்டால் பருவநிலை மாறிப் பலகை எழும்பும்போது, குச்சி தன் தலையோடு பலகையின் மரத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். அதோடு, ஒட்டிய குச்சியைத் திருத்தவும் முடியாது. குச்சி கம்பிகளின் அழுத்தத்திலேயே நிற்பதால்தான் கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றச் சொல்கிறோம். ஒருமுறை ஒரு பாஸை நான்கு கம்பிகளும் தொளதொளத்த நிலையில் கொண்டுவந்தார்கள். படியேறும்போதே உள்ளே குச்சி உருளும் சத்தம் கேட்டது. கொண்டுவந்தவர் அதை ஏதோ உடைந்த துண்டு என்று நினைத்து, குலுக்கி வெளியே எடுத்துவிடப் பார்த்திருக்கிறார். நல்லவேளை, எஃப் துளை வழியே அது வரவில்லை. அந்த நிலையில் கம்பிகளை முழு இழுவைக்கு ஏற்றியிருந்தால், தாங்க ஆளில்லாமல் முகப்பலகை அமிழ்ந்து விரிசல் விட்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இதழின் மற்ற பதில்களும் இங்கேதான் வந்து நிற்கும். குச்சி எங்கே நிற்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்படிப் பொருந்தி நிற்கிறது என்று கேட்பவர் குறைவு. முகப்பலகையின் உட்புறம் அந்த இடத்தில் வளைவாக, சரிவாக இருக்கும். குச்சியின் தலை அதே சரிவில் சீவப்பட்டு, சுற்றளவு முழுவதும் பலகையைத் தொட வேண்டும். குச்சியின் மர ரேகைகள் பலகையின் ரேகைகளுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் மென்மையான ரேகைகளுக்குள் அது பதிந்து இறங்கிவிடும். நான் பலகையில் சுண்ணக்கட்டித் தூளைத் தேய்த்துவிட்டு, குச்சியை உள்ளே நிறுத்தி, அப்படியே வெளியே எடுத்துத் தலையைப் பார்ப்பேன். வெள்ளை ஒரு ஓரத்தில் மட்டும் பிறை போல ஒட்டியிருந்தால் அந்த ஓரம் மட்டுமே தொடுகிறது என்று பொருள். அங்கே உளியால் ஒரு சீவல். காகிதத்தைவிட மெல்லிய சீவல். மறுபடி உள்ளே. பிறை அரைவட்டமாகும், அரைவட்டம் முழுவட்டமாகும். சில கருவிகளில் இருபது, இருபத்தைந்து முறை எடுத்து வைக்க வேண்டியிருக்கும். தலை முடிந்த பிறகு கால் பக்கத்துக்கும் இதே வேலை.

கேள்வி: என் பாஸில் ஏ, டி கம்பிகள் நன்றாகப் பேசுகின்றன. தாழ்ந்த ஈ மட்டும் மங்கலாக இருக்கிறது. முகப்பலகையைத் திறந்து இன்னும் கனமான பாஸ் பார் போட்டால் ஈ எழும்பும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். நீங்கள் கேட்கும் குறையில் ஒரு பகுதி எல்லா டபுள் பாஸிலும் உண்டு.

காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதி எழும் அல்லவா? உங்கள் கருவியின் பெட்டியும் அப்படி ஒரு பாட்டில்தான். எஃப் துளைகள் அதன் வாய். டபுள் பாஸில் இந்தக் காற்றின் ஒத்ததிர்வு பொதுவாக 60 ஹெர்ட்ஸ் அருகில் விழுகிறது. திறந்த ஏ கம்பி 55, டி கம்பி 73. அதாவது ஏவுக்கும் டிக்கும் நடுவே பெட்டிக்குள் இருக்கும் காற்றே எழுந்து உதவிக்கு வருகிறது. அதற்குக் கீழே போகப்போக, துளைகள் வழியே வரும் காற்றும் பலகைகள் தள்ளும் காற்றும் எதிரெதிராகி ஒன்றையொன்று குறைக்கத் தொடங்கும். 41 ஹெர்ட்ஸ் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. நீங்கள் 'தாழ்ந்த ஈ' என்று கேட்பதில் பெரும்பகுதி அதன் மேல்சுரங்களான 82, 123, 165 ஹெர்ட்ஸ்தான். அவற்றைக் கேட்டதும் காது தானாகவே அடியில் 41ஐ இட்டு நிரப்பிக்கொள்கிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். திறந்த ஈயிலிருந்து டி வரை அரைச்சுரம் அரைச்சுரமாக, ஒரே அழுத்தத்தில் வில் இழுத்துக்கொண்டு போங்கள். ஓரிடத்தில் ஒலி பொங்கும். அந்தச் சுரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு எஃப் துளையை மட்டும் மென்மையான துணியால், உள்ளே விழுந்துவிடாமல், மூடிவிட்டு மறுபடி இழுங்கள். பொங்கும் இடம் கீழே இறங்கியிருக்கும். வாய் சிறுத்ததும் பாட்டிலின் சுருதி தாழ்ந்துவிட்டது. மாணவர்களுக்கு இதைச் செய்துகாட்டும்போது எல்லோரும் ஒரு நொடி பேச்சில்லாமல் நிற்பார்கள்.

கருவியையே பெரிதாக்கினால் என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்டார்கள், செய்தும் பார்த்தார்கள். 1850 வாக்கில் பாரிஸில் ழான் பாப்டிஸ்ட் வுயோம் ஆக்டோபாஸ் என்ற கருவியைச் செய்தார். உயரம் ஏறத்தாழ 3.5 மீட்டர், மூன்று கம்பிகள். கம்பியை அழுத்தக் கை எட்டாததால் நெம்புகோல்களும் மிதிகளும் வைக்க வேண்டியிருந்தது. மனிதர் கட்டிப்பிடித்து வாசிக்க வேண்டும் என்பதற்காக நாம் ஒத்துக்கொண்ட அளவுதான் டபுள் பாஸ்.

இனி பாஸ் பார். கனமான, விறைப்பான சட்டம் போட்டால் முகப்பலகை அசைய மறுக்கும். அசைவு குறைந்தால் முதலில் அடிவாங்குவது உங்கள் ஈதான். மெலிந்த சட்டமும் ஆபத்து: பலகை காலப்போக்கில் அமிழும், ஒலி பரந்து உருவமில்லாமல் போகும். பலகை அமிழ்ந்திருந்தால், சட்டத்தில் விரிசல் இருந்தால், ஒட்டு விட்டிருந்தால் மாற்றுங்கள். ஈ மங்கல் என்ற ஒரே காரணத்துக்காக முகப்பலகையைத் திறக்காதீர்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று. ஓரங்களில் எங்காவது ஒட்டு விட்டுக் காற்று கசிகிறதா, சவுண்ட் போஸ்ட் அளவுக்கு மீறி இறுக்கமாக நிற்கிறதா, ஈ கம்பி பழசாகிவிட்டதா. என் அனுபவத்தில் இந்த மாதிரிப் புகாரோடு வரும் கருவிகளில் பெரும்பாலானவற்றை இரண்டாவது காரணமே விளக்கிவிடுகிறது. இறுக்கமான போஸ்ட் முகப்பலகையின் கழுத்தைப் பிடித்ததுபோல் நிற்கும். மேல் கம்பிகள் கூர்மையாகக் கேட்கும், கீழே மூச்சு இருக்காது.

கேள்வி: ஒவ்வொரு மழைக்காலத்திலும் கம்பிகள் விரல் பலகையிலிருந்து மேலே எழும்பிவிடுகின்றன; ஒலியும் கலங்கிவிடுகிறது. வறண்ட மாதங்களில் நேர்மாறு. சவுண்ட் போஸ்ட் ஈரத்தில் சுருங்கி நீள்கிறதா?

பதில்: குச்சி கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. மரம் ரேகையின் நீளவாக்கில் மிகக் குறைவாகவே நீளும். ரேகைக்குக் குறுக்கேதான் வீங்கும், சுருங்கும். குச்சியின் ரேகை மேலிருந்து கீழாக ஓடுகிறது. பக்கப்பலகைகளின் ரேகையோ கருவியைச் சுற்றி ஓடுகிறது. ஆகவே பக்கப்பலகையின் அகலம், அதாவது பெட்டியின் ஆழம், முழுவதும் ரேகைக்குக் குறுக்கே அமைந்தது. ஆழம் 20 சென்டிமீட்டர் என்றால் ஈரப் பருவத்தில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் கூடிவிடும். முகப்பலகையின் வளைவும் உப்பி எழும். பிரிட்ஜ் மேலே போகிறது, கம்பிகளும் மேலே போகின்றன. குச்சி இருந்த நீளத்திலேயே இருக்க, அதற்கான இடைவெளி பெருகிவிடுகிறது. அது தளர்ந்து நிற்கிறது, ஒலி கலங்குகிறது. வறட்சியில் இதே கணக்கு தலைகீழாக நடந்து குச்சி இறுகுகிறது. அந்த இறுக்கத்தில்தான் முகப்பலகையில் போஸ்டுக்கு மேலே விரிசல் விழும் அபாயம் அதிகம். அது மற்ற விரிசல்களைப் போலச் சின்ன ஒட்டு வேலையில் முடிவதில்லை. உள்ளே புதிய மரத்தைப் பதித்துத் தாங்கல் கொடுக்க வேண்டும்.

கம்பி உயரத்துக்கு, பிரிட்ஜ் கால்களில் திருகு வைத்துக்கொள்ளலாம். போஸ்டுக்கு, பருவத்துக்கு ஒன்றாக இரண்டு குச்சிகள் வைத்திருக்கும் வாசிப்பாளர்கள் இருக்கிறார்கள். செலவைப் பார்க்காமல் அதையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: தட்டையான முதுகா, வளைந்த முதுகா? எனக்கு விற்பனைக்கு வந்திருப்பது தட்டை முதுகு. அதில் ஜி கம்பியின் சில சுரங்களில் மட்டும் 'ர்ர்ர்' என்று ஓர் ஓசை வருகிறது.

பதில்: தட்டை முதுகு, வியோலா ட காம்பா என்ற பழைய வில்வாத்தியக் குடும்பத்திலிருந்து டபுள் பாஸுக்கு வந்த சொத்து. வளைந்த முதுகு தன் வளைவாலேயே நிற்கும். தட்டைப் பலகைக்கு அந்த வலிமை கிடையாது. ஆகவே உள்ளே மூன்று நான்கு குறுக்குச் சட்டங்களை ஒட்டுகிறார்கள். போஸ்ட் நிற்கும் இடத்தில் சட்டம் அகலமான பட்டையாக இருக்கும். சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது. முதுகுப்பலகை அகலவாக்கில் வீங்க வேண்டும். சட்டத்தின் ரேகை அதற்குக் குறுக்கே ஓடுவதால் அது நீள மறுக்கும். இரண்டும் ஒட்டியிருப்பதால் ஈரத்தில் முதுகு வெளியே புடைக்கும், வறட்சியில் உள்ளே குழியும். ஆண்டுக்கணக்கில் இந்த இழுபறி நடந்தால் பலகை வெடிக்கும், இல்லை சட்டத்தின் நுனி ஒட்டு விட்டு எழும். நீங்கள் கேட்கும் 'ர்ர்ர்' பெரும்பாலும் அப்படி எழுந்த ஒரு நுனி, பலகையில் விட்டு விட்டுத் தட்டும் ஓசை.

கண்டுபிடிக்க ஒரு வழி. ஒருவர் அந்தச் சுரத்தை வாசித்துக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் முதுகில் உள்ளங்கையை வைத்து, சட்டங்கள் ஓடும் இடங்களில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கட்டும். எந்த இடத்தில் அழுத்தும்போது ஓசை நிற்கிறதோ அங்கே குற்றம் இருக்கிறது. அங்கும் நிற்கவில்லை என்றால் விளிம்புகளை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். ஒட்டு விட்ட இடம் பொத்தல் குரலில் பதில் சொல்லும். விளிம்பு ஒட்டு விட்டிருந்தால் வருந்த வேண்டாம். முகப்பலகையை விலங்குத் தோலில் காய்ச்சிய பசையான மெல்லிய வஜ்ஜிரத்தால்தான் ஒட்டுகிறோம். பலகை சுருங்கி இழுக்கும்போது மரம் வெடிப்பதற்கு முன்னால் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி. வெந்நீரும் வஜ்ஜிரமும் இருந்தால் அரை நாள் வேலை. மரப்பசை, ரசாயனப் பசை எதையும் அங்கே ஊற்ற விடாதீர்கள். அப்படி ஊற்றிய கருவிகளைத் திறக்கும்போது மரத்தையும் சேர்த்து உரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

எது நல்லது என்று கேட்டீர்கள். என் காதுக்கு, நல்ல தட்டை முதுகு வில் பட்டதும் சட்டென்று பேசும். அந்தத் தெளிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் பருவத்துக்குப் பருவம் கருவியைக் கவனிக்க நேரமில்லாதவர் வளைந்த முதுகை வாங்குவது நல்லது.

கேள்வி: ஒரே ஒரு சுரம் மட்டும் ஓநாய் ஊளையிடுவதுபோல் அலைகிறது. போஸ்டை நகர்த்தினால் போகுமா?

பதில்: இடம் மாறும், போகாது. அந்தச் சுரமும் பெட்டியின் வலுவான ஒத்ததிர்வு ஒன்றும் ஒரே சுருதியில் மோதி, சக்தியை மாற்றி மாற்றிக் கைப்பற்றுவதால் வரும் அலைச்சல் அது. நல்ல கருவிகளிலும் வரும். பிரிட்ஜுக்கும், கம்பிகளின் கீழ்நுனியைப் பிடித்திருக்கும் டெயில்பீஸுக்கும் இடைப்பட்ட கம்பியில் ஒரு சிறு பித்தளை எடையைப் பொருத்தி, மேலும் கீழும் நகர்த்தி, ஊளை அடங்கும் இடத்தில் இறுக்குங்கள்.

கேள்வி: என்னுடையது பிளைவுட் பாஸ். அதற்கு உள்ளே இருப்பதெல்லாம் முக்கியமா?

பதில்: அதே அளவு முக்கியம். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் ஸ்ப்ரூஸின் குணம் அதில் கிடைக்காது. தனி ஸ்ப்ரூஸ் பலகை நீளவாக்கில், குறுக்கே இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விறைப்பானது; ஒலி அதில் விரையும் விதமே வேறு. ஆனால் பிளைவுட் பருவநிலைக்கு அஞ்சாது, எளிதில் வெடிக்காது. சரியாகப் பொருத்திய போஸ்ட் இருந்தால் விரலால் மீட்டும் இசைக்கு மனநிறைவாகவே பேசும். இந்தக் கருவிகளில் நான் அடிக்கடி காண்பது, தொழிற்சாலையில் தலையும் காலும் நேராக அறுத்து உள்ளே திணித்த குச்சி. அதை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு, உரிமையாளர் முதல் சுரத்தை மீட்டும்போது அவர் முகத்தைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த நேரம்.

கேள்வி: வளைந்த இரும்புக் கம்பி ஒன்றைச் செய்துகொண்டு, போஸ்டை நானே நகர்த்திப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எந்தப் பக்கம் நகர்த்தினால் என்ன ஆகும் என்று ஓர் அட்டவணை தர முடியுமா?

பதில்: பிரிட்ஜுக்கு அருகே போனால் ஒலி இறுகிக் கூர்மையாகும், விலகினால் தளர்ந்து இருளும் என்பது பொதுவான வழக்கு. ஒரு மில்லிமீட்டர் மாற்றமே காதுக்குத் தெரியும். ஆனால் அட்டவணையாகத் தர எனக்கு மனமில்லை. காரணம் சொல்கிறேன். முகப்பலகை வளைந்தது, நடுவில் பெட்டி ஆழம், ஓரத்தில் குறைவு. குச்சியை எஃப் துளைப் பக்கம் தள்ளினால் அது இறுகும், நடுவுக்கு இழுத்தால் தளரும். அதோடு, பழைய சரிவுக்குச் சீவிய தலை புதிய சரிவில் ஓர் ஓரத்தில் மட்டும் தொடும். இடம், இறுக்கம், பொருத்தம் மூன்றும் ஒரே தள்ளலில் மாறிவிட்டன. நீங்கள் கேட்கும் மாற்றம் எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? 'நகர்த்தியதும் நன்றாகிவிட்டது' என்று வந்த எத்தனையோ கருவிகளில், குச்சியின் விளிம்பு ஸ்ப்ரூஸில் பிறை வடிவில் பதிந்த வடுவைப் பார்த்திருக்கிறேன். அந்த வடு அழியாது; அடுத்த குச்சியை அங்கே சரியாக உட்கார வைப்பதும் கடினம்.

தொடாமல் பார்க்கத் தடையில்லை. கருவியை மெத்தை மேல் மல்லாக்கப் படுக்க வையுங்கள். எஃப் துளை வழியே ஒரு சிறு விளக்கை உள்ளே காட்டுங்கள். தரையில் ஊன்றும் தண்டை உருவிவிட்டு, அந்தத் துளையில் கண்ணை வையுங்கள். பல கருவிகளில் அந்த வழியே உள்ளே முழுவதும் தெரியும்: பக்கப்பலகைகளின் ஓரப் பட்டைகள், மூலைக்கட்டைகள், இடதுபுறம் நீண்டு ஓடும் பாஸ் பார், நடுவே குச்சி. அது சாய்ந்திருக்கிறதா, தலைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். கீற்று தெரிந்தால், எந்தப் பக்கத்தில் என்று ஒரு தாளில் வரைந்துகொண்டு, கம்பிகளைத் தளர்த்தாமல் அப்படியே பட்டறைக்குக் கொண்டுவாருங்கள்.